செம்பாம் ஆறு நம் ஊர்த் தொழிலின் தாயா, கூலியாளா?

குழுப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். பகாங் மாநிலத்து ரவுப் வட்டாரத் தமிழர்களாகிய நாம் பொது மண்டபத்துச் சுவரில் வைக்கவிருக்கும் ஊர் வரலாற்றுப் பலகைகளுள் ஒன்று செம்பாம் ஆற்றுக்கு உரியது. அதற்கு மலைச்சாரல் ஐயா எழுதித் தந்த வாசகம் இது: ‘1900ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் நீர்மின் நிலையத்தைத் தந்த செம்பாம் ஆறே இந்நாட்டுத் தொழிலின் தாய்.’ அச்சுக்கு அனுப்பும் முன்பே இருவர் தனித்தனியே மறுப்புத் தெரிவித்திருப்பதால், அதை இங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று கருதுகிறேன். வாசகத்தை விட்டு விலகாமல் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மலைச்சாரல்

மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தே எழுதினேன். முப்பது ஆண்டுகள் மின்துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்தச் சிற்றாறு செய்த காரியம் எத்தகையது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

வில்லியம் பிபி என்பவர் 1889இல் தொடங்கிய ரவுப் ஆஸ்திரேலியன் தங்கச் சுரங்க நிறுவனம் இங்கே பாறையைக் குடைந்து தங்கம் எடுத்தது. ஆற்று மணலை அரித்துத் தங்கம் பொறுக்குவது ஒரு வேலை. நிலத்துக்கடியில் இறங்கிப் பாறையை உடைத்து, மேலே தூக்கி, இடித்துத் தூளாக்குவது முற்றிலும் வேறு வேலை. சுரங்கம் ஆழமாக ஆக ஊற்றுநீர் பெருகும். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் ஒரே வாரத்தில் சுரங்கம் கிணறாகிவிடும். நீராவி இயந்திரத்தை ஓட்டலாம்தான், ஆனால் அதற்கு விறகு வேண்டும். சுற்றியுள்ள காட்டை வெட்டத் தொடங்கினால் ஒவ்வோர் ஆண்டும் விறகு இன்னும் கொஞ்சம் தூரத்திற்கு நகர்ந்துகொண்டே போகும். கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே, மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கும் ஊருக்கு நிலக்கரியைச் சுமந்து வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இந்த நெருக்கடிக்கு விடையாக இருந்தது செம்பாம். அகலத்தை வைத்து ஆற்றை மதிப்பவர்களுக்கு இது ஓர் ஓடையாகவே தோன்றும். ஆனால் மின்சாரத்தின் கணக்கில் அகலத்தைவிட உயரத்துக்கே மதிப்பு அதிகம். ஒரு நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுமானால் அதிலிருந்து ஏறத்தாழ 980 கிலோவாட் ஆற்றல் கிடைக்க வேண்டும். சுழலியிலும் கம்பியிலும் இழப்பது போக முக்கால் பங்காவது கைக்கு வரும். அதே ஆற்றலைச் சமவெளியில் ஐந்து மீட்டர் மட்டுமே இறங்கும் பேராற்றிலிருந்து எடுக்க நொடிக்கு இருபது கன மீட்டர் நீரை மறித்து அணை கட்டியாக வேண்டும். மலையிலிருந்து குதித்து வரும் சிற்றாறுதான் பணமும் ஆளும் குறைவாக இருந்த காலத்துத் தொழிலுக்குப் பொருத்தமானது. நயாகராவின் மின்சாரம் பஃபலோ நகரத்தை எட்டியது 1896இல். அடுத்த நான்காண்டுகளுக்குள் பகாங் காட்டுக்குள் ஓர் ஆறு தங்கச் சுரங்கத்துக்கு உழைக்கத் தொடங்கிவிட்டது. இதைத் தாய் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ரவாங்கான்

ஐயா எழுதிய இயற்பியலில் எனக்கு ஐயமில்லை, வரலாற்றில்தான் இருக்கிறது. நான் ரவாங்கில் பிறந்து, திருமணத்துக்குப் பின் இந்த ஊருக்கு வந்தவன் என்பதால் இதை ஊர்ப்பற்று என்று தள்ளிவிட வேண்டாம்.

லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் 1894இலேயே ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவி வேலை செய்ய வைத்துவிட்டார்கள். மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகத் தொழிலுக்குப் பயன்பட்டது அங்கேதான். தம்புசாமிப் பிள்ளை சிங்கப்பூரில் பிறந்து, வழக்கறிஞர் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆங்கில ஆலோசகராக, வந்தபோது அவருடன் எழுத்தராக வந்து, பின் சுரங்க முதலாளியாக உயர்ந்தவர். 1902இல் அவர் மறைந்ததற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழரும் ஒரு சீனரும் கூட்டுச் சேர்ந்து செய்து முடித்த காரியத்தை மறைத்துவிட்டு, ஆறாண்டு கழித்து ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் செய்ததைத் ‘தொழிலின் தாய்’ என்று தமிழர்களே எழுதி மாட்டினால் அதைவிட வேடிக்கை வேறு இல்லை. ‘நீர்மின்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு ‘இந்நாட்டுத் தொழில்’ முழுமைக்கும் உரிமை கோருகிறது ஐயாவின் வாக்கியம். முதற்பாதி சரி, பிற்பாதியை வெட்டிவிடுங்கள்.

கிராணி மகள்

ரவாங்கான் அண்ணன் ஆண்டை வைத்து மறுக்கிறார். நான் ‘தாய்’ என்ற சொல்லையே மறுக்கிறேன். மின்சாரத்தோடுதான் தொழில் பிறந்தது என்று இருவருமே எடுத்துக்கொண்டது எனக்குப் புரியவில்லை. அதற்கு நெடுங்காலம் முன்பே இந்நாட்டுச் சிற்றாறுகள் தொழிலுக்குள் இழுக்கப்பட்டுவிட்டன.

ஈயத் தாது நீரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கனமானது. மணலோ இரண்டரை மடங்கைச் சற்றே தாண்டும். இரண்டும் கலந்த மண்ணை ஓடும் நீரில் விட்டால் மணல் அடித்துச் செல்லப்பட, தாது தங்கிவிடும். டூலாங் தட்டை இடுப்பளவு நீரில் சுழற்றிய பெண்கள் செய்ததும் இதுவே. மரத்தொட்டிகளை உயரத்தில் சரிவாகக் கட்டிய பாலோங் செய்ததும் இதுவே. நீர் அங்கே இயந்திரத்தை ஓட்டவில்லை, நீரே இயந்திரமாக இருந்தது. ஆகவே வளமான மண் மட்டும் இருந்தால் லம்பத்துக்கு, அதாவது ஈயச் சுரங்கத்துக்கு, போதாது. பக்கத்தில் ஒரு வாய்க்கால் வேண்டும். பேராக்கின் ஈய வட்டாரமான லாருட்டில் 1861இல் மூண்ட முதல் சண்டை சுரங்கங்களுக்கு வரும் நீர்வழி யாருக்கு என்ற தகராறில் தொடங்கியது. அந்தப் பகை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் விட்டு விட்டு எரிந்து, 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கையில் போய் முடிந்தது. அதன் வழியாகத்தான் பேராக்கில் ஆங்கில ரெசிடெண்ட் வந்து அமர்ந்தார். ஒரு வாய்க்கால் தகராறுக்கும் நம் முன்னோர் கப்பலேறி வந்ததற்கும் இடையே எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்; அதிகம் இல்லை.

ஆறு எதையும் ‘தந்தது’ என்று எழுதும்போது, அதை எடுத்துக்கொண்டவர்கள் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். தாய் தானாகக் கொடுப்பாள். செம்பாம் ஆறு கொடுக்கவில்லை, அது வேலைக்கு அமர்த்தப்பட்டது. என் தந்தை தோட்டத்து அலுவலகத்தில் பேரேடு எழுதியவர். அவரைக் கேட்டால் இந்த ஆற்றையும் கூலிப் பட்டியலில்தான் சேர்ப்பார்.

மலைச்சாரல்

‘கூலிப் பட்டியலில் ஆறு’ என்பது நல்ல சொல்லாட்சி, அம்மா, ரசித்தேன். ஆனால் அழகாக இருப்பதாலேயே அது சரியாகிவிடாது.

முதலில் ரவாங். 1894ஐ நான் மறுக்கவில்லை. வாசகத்தில் அது இடம்பெற வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். இருந்தாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ரவாங்கில் நடந்தது ஒரு சுரங்கத்துக்குள் புதுக் கருவி வந்தது. செம்பாமிலோ, மலையில் ஓரிடத்தில் விழுந்த நீரின் வேகம் கம்பியில் ஏறி, சில மைல்களுக்கு அப்பால் இருந்த சுரங்கத்தில் நீரை இறைத்தது. ஆற்றங்கரைக்குத் தொழிற்சாலை போக வேண்டியிருந்த காலம் அதோடு முடிந்தது. ஆறு தொழிற்சாலைக்கு வரத் தொடங்கியது. ஐரோப்பாவின் பழைய நூற்பாலைகள் எல்லாம் சக்கரம் சுற்றும் நீருக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டு, அங்கேயே முடங்கியிருந்ததை நினைவில் கொண்டால் இந்த மாற்றத்தின் எடை விளங்கும்.

இன்னொன்றையும் இந்தக் குழுவில் சொல்லியாக வேண்டும். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் கொண்டுசென்றது 1902இல். கோலாரின் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் என்பது எல்லோரும் அறிந்தது. அங்கேயும் தங்கம், இங்கேயும் தங்கம். அங்கேயும் மலையிலிருந்து விழும் நீர், இங்கேயும் அதுவே. தொலைவிலும் அளவிலும் கோலார் பன்மடங்கு பெரியது என்றாலும், ஆண்டைப் பார்த்தால் செம்பாம் இரண்டாண்டு மூத்தது. கோலாலம்பூருக்கு உலு கோம்பாக் ஆற்றிலிருந்து மின்சாரம் வந்ததுகூட 1905இல்தான். இந்த வரிசையை நம் பிள்ளைகள் ஒரு பலகையில் படித்தால் ‘நம் ஊர் ஓடைதானே’ என்று இளக்காரமாகப் பேச மாட்டார்கள் என்பதே என் ஆசை.

லயத்து வாசி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மலைச்சாரல் ஐயாவின் மீது எனக்கு மதிப்பு உண்டு. என் மூத்த அண்ணனுக்கு அவர்தான் வயரிங் வேலை கற்றுத் தந்தார். ஆயினும் அவர் வாசகத்தில் நான் இல்லை, என் தந்தை இல்லை, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாட்டின் முதல் நீர்மின் நிலையத்திலிருந்து பறவை பறக்கும் தூரத்தில்தான் நாங்கள் இருந்தோம். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து இன்ஜினிலிருந்து வந்தது. மாலை ஆறரைக்குப் போடுவார்கள், இரவு பத்துக்கு அணைப்பார்கள். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். துரை பங்களாவில் மட்டும் நள்ளிரவிலும் வெளிச்சம் தெரியும். செம்பாம் எங்கள் தொழிலின் தாய் என்றால், அந்தத் தாய் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் சோறு போட்டிருக்கிறாள்.

ஆனால் ஆறுகளும் ஓடைகளும் எங்களைத் தொடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே தொட்டன. இந்தப் பேச்சில் ஒருவரும் குளிர்காய்ச்சலைப் பற்றி ஒரு சொல் எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

டாக்டர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானுக்கு வந்தார். அங்கே கடலோரத் தாழ்நிலத்தில், நிழல் விழுந்த சதுப்பு நீரில் ஒரு வகைக் கொசு பெருகி மலேரியாவைப் பரப்பியது. சதுப்பை வடித்துக் காட்டை வெட்டி வெயில் பட வைத்தபோது அந்தக் கொசு ஒழிந்தது, காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. அதே மருந்தை மலையடிவாரத் தோட்டங்களில் பயன்படுத்தியபோது நேர்மாறாக நடந்தது. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டியதால், பள்ளத்தாக்கில் அதுவரை நிழலுக்குள் ஓடிய தெளிந்த ஓடைகளின் மீது வெயில் விழுந்தது. அனோபிலிஸ் மகுலேட்டஸ் என்ற இன்னொரு கொசு பெருகுவதற்கு அந்த வெயில்பட்ட, கண்ணாடி போன்ற ஓடைநீர்தான் வேண்டும். கடலோரத்தில் உயிரைக் காத்த அதே வேலை மலையில் உயிரை வாங்கியது. கப்பலில் வந்து இறங்கிய சில மாதங்களில் ஆட்கள் மடிந்ததற்கு இதுவும் பெரிய காரணம்.

இந்த வித்தியாசத்தைக் கண்டறிந்து சொன்னவரும் வாட்சனே. அதற்கு அவர் சொன்ன வழி ஓடையையே மண்ணுக்குள் புதைப்பது. மட்குழாய்களைப் பள்ளத்தில் வரிசையாகப் பதித்து, மேலே மண் மூடி, நீரை அதற்குள் ஓடவிட்டார்கள். குழாய் பதிக்காத இடங்களில் எண்ணெய் தெளித்தார்கள். என் பாட்டனார் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஓடை ஓரமாக எண்ணெய் அடித்துத் திரிந்தவர். ஐயா, நீங்கள் எழுத விரும்பும் பலகையில் ‘சிற்றாறும் ஆரம்பகாலத் தொழிலும்’ என்று தலைப்பு இருந்தால் இது அதற்குள் வராதா?

மலைச்சாரல்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். உண்மையை மறுக்கவில்லை. ஆனால் பலகை செம்பாம் ஆற்றுக்கு உரியது. செம்பாமில் மட்குழாய் பதிக்கவில்லை, எண்ணெய் தெளிக்கவில்லை. எல்லா ஓடைகளின் பாவத்தையும் ஓர் ஆற்றின் தலையில் ஏற்றுவது முறையா? மேலும், தங்கச் சுரங்கத்தில் மின்சாரம் வந்த 1900இல் இந்த வட்டாரத்தில் ரப்பரே இன்னும் தொழிலாகவில்லை.

கிராணி மகள்

கடைசி வாக்கியத்தில் ஐயா தம்மை அறியாமலே என் கட்சிக்கு வந்துவிட்டார். 1900இல் இங்கே ரப்பர் தொழிலாகவில்லை. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் முதல் ரப்பர் நட்டதே 1896இல். மரம் பால் தர ஆறேழு ஆண்டு ஆகும். நம்மவர்கள் பெருங்கூட்டமாக வந்தது அதற்குப் பின்னர், விலை உச்சத்துக்குப் போன 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்படியென்றால் ‘இந்நாட்டுத் தொழிலின் தாய்’ என்று சொல்லப்படும் ஆறு பெற்றது தங்கத்தை மட்டும்தான். இந்த ஊரை நூறாண்டு தாங்கிய ரப்பரை அன்று. தங்கம் ஓய்ந்தபோதும் ஊர் ஓயாமல் இருந்ததற்குக் காரணம் ரப்பர்தான்.

ரப்பருக்கு வேறு வகையில் நீர் வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிக் கொண்டுவந்த பாலில் நீர் கலந்து இளக்க வேண்டும். அமிலம் விட்டு உறைய வைக்க வேண்டும். உறைந்ததை உருளைகளுக்கிடையே விட்டுப் பிழியும்போது மேலே நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தின் வெட்டுக்கோட்டில் உறைந்த கோட்டுப்பாலையும் தரையில் சிந்திய மண்பாலையும் கழுவிக் கிரேப் என்ற ரப்பர்த் தாள் போடுவதற்கு இன்னும் அதிகம் செலவாகும். அதனால்தான் பழைய தோட்டங்களில் தொழிற்சாலை எப்போதும் ஓடைக்கரையில் இருக்கும். மேலே துரை பங்களா, நடுவில் அலுவலகம், ஓடையோரம் தொழிற்சாலை, அதற்கும் கீழே லயம். எங்கள் தோட்டத்தின் அமைப்பு இப்படித்தான் இருந்தது. தொழிற்சாலை விட்ட புளித்த நீர் லயத்தைக் கடந்துதான் போகும். குளிப்பதற்கு யார் காலையில் முந்துகிறார்களோ அவர்களுக்கே தெளிந்த நீர் கிடைக்கும்.

மேலே ஒருவர் எடுத்ததற்குக் கீழே உள்ளவர் விலை கொடுத்ததற்குப் பெரிய சான்று வேண்டுமானால், மலைக்கு மேற்கே போய்ப் பாருங்கள். சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருந்த பழைய கோலகுபுவை 1883இல் அணை உடைந்த வெள்ளம் அழித்தது. ஆட்சி அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் மேல்நிலத்து ஈய லம்பங்கள் கழுவிவிட்ட மணல் ஆற்றின் படுகையை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே வந்ததால் வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. 1926 வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே பெயர்த்து மேட்டில் கோலகுபு பாருவாகக் கட்ட வேண்டியதாயிற்று. நாம் கேப் கணவாய் வழியாகக் கோலாலம்பூர் போகும்போதெல்லாம் அந்தப் புது ஊரைக் கடந்துதான் போகிறோம். ஓர் ஆறு நிரம்பியதால் பிறந்த ஊர் என்று எண்ணுகிறோமா?

ரவாங்கான்

சகோதரி எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன். ஈய லம்பங்களை நடத்தியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோல் எழுதுகிறீர்கள். மணலை ஆற்றில் விடுவது அக்காலத்தில் எல்லோரும் செய்தது, தடுக்கச் சட்டமும் வலுவாக இல்லை. தம்புசாமிப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நானே அவருடைய சுரங்கக் கழிவு எங்கே போயிற்று என்று இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய மனிதரை இன்றைய சட்டத்தால் அளப்பது நியாயமில்லை.

மூன்றாம் தலைமுறை

நான் இந்தக் குழுவுக்குப் புதியவள், சுற்றுச்சூழல் பயில்கிறேன். பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘இன்றைய சட்டம்’ என்று ரவாங்கான் மாமா சொன்னதால் எழுதுகிறேன். அந்தச் சட்டம் எப்போது வந்தது என்பதும் இந்தக் கதையின் பகுதிதான் என்று நினைக்கிறேன்.

மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகள் 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கான விதிகள் 1978இலும் வந்தன. செம்பாமில் சுழலி சுற்றத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு! செம்பனை ஆலைக் கழிவு எவ்வளவு கெட்டது என்பதை, அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்ற அளவால் கணிப்பார்கள். சுத்திகரிக்காத கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் இருக்கும். அந்தக் கழிவு ஓடையில் கலந்தால் மீனுக்கு மூச்சு விட ஒன்றும் மிஞ்சாது. ஆற்றில் விடும் ஆலைகளுக்கு 1978இல் 5,000 என்று வரம்பு வைத்து, படிப்படியாக இறக்கி, 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். ஆறே ஆண்டுகளில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆலைகள் மூடப்படவில்லை, கழிவுக் குளங்கள் வெட்டிச் சமாளித்தன, உற்பத்தியும் பெருகியது. ஆகவே ஆற்றைக் கெடுக்காமல் தொழில் நடத்தவே முடியாது என்பது உண்மையில்லை. செய்யச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவே.

செம்பாம் இந்த வகையில் மற்ற ஆறுகளைவிடக் கொடுத்து வைத்தது. சுழலியைச் சுற்றிய நீர் திரும்பவும் ஆற்றுக்கே போகிறது. அதில் மணலும் சேராது, அமிலமும் சேராது. மலைச்சாரல் தாத்தா அதற்காக அந்த ஆற்றைப் புகழ்ந்திருந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்திட்டிருப்பேன்.

மலைச்சாரல்

பேத்தியே, இத்தனை பேர் சேர்ந்து என்னை மறுத்ததில் நீ ஒருத்திதான் என் ஆற்றுக்காகப் பேசினாய். நீ சொன்ன பிறகுதான், நான் தொடங்கியிருக்க வேண்டிய இடம் அது என்று எனக்கே விளங்கியது.

வாசகத்தை மாற்றி எழுதியிருக்கிறேன்:

‘செம்பாம் ஆறு அகலத்தில் சிறியது, மலையிலிருந்து விழும் உயரத்தால் ஆற்றல் மிக்கது. மலாயாவில் மின்சாரம் முதன்முதலாக 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் தொழிலுக்குப் பயன்பட்டது. ஆற்று நீரால் மின்சாரம் எடுத்த முதல் நிலையம் 1900இல் இந்த ஆற்றில் அமைந்தது. ரவுப் தங்கச் சுரங்கத்தின் நீரை இறைத்ததும் பாறையை இடித்ததும் அம்மின்சாரமே.’

‘தாய்’ போய்விட்டது. எனக்கு வருத்தமே, ஆனாலும் 1894ஐயும் 1900ஐயும் அடுத்தடுத்த வரியில் படிக்கும்போது எந்த அடைமொழியும் இல்லாமலே ஆறு நிமிர்ந்து நிற்கிறது. கிராணி மகள் கேட்ட ‘கூலியாள்’ என்ற சொல்லை மட்டும் சேர்க்கமாட்டேன். அந்தச் சொல்லை மனிதர்களுக்குச் சூட்டி வதைத்தது போதும்.

கிராணி மகள்

கூலியாள் என்ற சொல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன், ஐயா. நான் அதை வாதத்துக்காகத்தான் சொன்னேன், பலகைக்காக அல்ல. ‘இந்த ஆற்றில் அமைந்தது’ என்பதை மட்டும் ‘இந்த ஆற்றில் அமைக்கப்பட்டது’ என்று மாற்றிவிடுங்கள். தானாக அமைந்ததுபோல் இருக்கக்கூடாது.

ரவாங்கான்

ரவாங்கின் பெயர் வந்துவிட்டதால் எனக்கு வழக்கில்லை. தம்புசாமிப் பிள்ளை, லோக் இயூ இருவர் பெயரையும் சேர்த்தால் நன்று. இடமில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். இல்லை, வற்புறுத்துவேன். இரண்டு பெயருக்கு இடமில்லாத பலகை எதற்கு?

குழுப் பொறுப்பாளர்

இரு பெயர்களும் சேரும். ‘அமைக்கப்பட்டது’ என்ற திருத்தமும் சேரும். ஆனால் லயத்து வாசி எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. செம்பாம் பலகையில் மலேரியாவை நுழைக்க முடியாது என்ற மலைச்சாரல் ஐயாவின் தடை நியாயமானது. அதற்காக அதை எழுதாமலே விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்து ஓடைகளுக்கு என்று இரண்டாவது பலகை ஒன்று வைக்கலாம். பால் உறைய வைத்த நீர், குளிர்காய்ச்சல், மண்ணுக்குள் புதைத்த ஓடை மூன்றும் அதில் வரட்டும். லயத்து வாசியே எழுதித் தரவேண்டும். அதனுடன் சேர்க்க ஒரு நிழற்படமும் தேவைப்படுகிறது.

லயத்து வாசி

எழுதித் தருகிறேன். படம் எடுப்பதுதான் சிக்கல். செம்பாமைப் படம் எடுக்கலாம், அது கண்ணுக்குத் தெரியும். நான் சொல்லும் ஓடை மண்ணுக்குள் அல்லவா ஓடுகிறது? எங்கள் பழைய பிரிவில் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்துவிட்டார்கள், லயம் இருந்த இடத்தில் இப்போது டுரியான் மரங்கள் நிற்கின்றன. ஓடை எந்த வழியாகப் போகிறது என்று என்னாலேயே உறுதியாகக் காட்ட முடியாது.

ஆனால் சரிவின் அடியில், சடக்குச் சாலைக்குப் பக்கத்தில், பாசி பிடித்த ஒரு மட்குழாயின் வாய் மட்டும் வெளியே தெரிகிறது. போன மாதம் போனபோதும் அதிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தது. மலைச்சாரல் ஐயா, உங்களிடம் நல்ல கேமரா இருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சந்தைக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கிறேன், வந்துவிடுங்கள். நீளமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சரிவில் அட்டை அதிகம்.